விளாத்திக் கட்டையும் சந்தனக்கல்லும்: மரப்பட்டைச் சாந்தை முகத்துக்குப் பூசும் முறை

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் திருகோணமலையில் முகத்தின் பாடு பெரும்பாடு. வைகாசியிலிருந்து ஆவணி வரை வெயில், புழுதி, உப்புக் காற்று மூன்றும் சேர்ந்து அடிக்கும். உப்புவெளியில் பஸ் ஏறி நகரத்தில் இறங்குவதற்குள் மூக்கும் நெற்றியும் எண்ணெய் வழியும். மாலையில் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் அதே தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டு எரியும். நமது ஊர் பூமத்திய ரேகைக்கு எட்டரைப் பாகைதான் வடக்கே இருக்கிறது. வெயில் நேராகத் தலையில் இறங்கும் இடம்.

இந்தக் காலத்துக்கு எனக்குக் கைகொடுப்பது ஒரு மரக்கட்டையும் ஒரு கல்லும். கப்பலில் வேலை செய்த என் சித்தப்பா பல ஆண்டுகளுக்கு முன் யாங்கோனிலிருந்து வந்தபோது இரண்டையும் கொண்டுவந்தார். ஒரு சாண் நீளம், பட்டையோடு கூடிய கட்டை. கூடவே ஒரு வட்டக்கல். அதன் ஓரத்தைச் சுற்றி விரல் நுனி அளவில் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. “அந்த ஊரில் பொம்பிளையள், பிள்ளையள் எல்லாரும் இதைத்தான் பூசிக்கொண்டு திரியினம்” என்றார். அம்மம்மா கட்டையை வாங்கி மணந்து பார்த்தார். “இது எங்கட விளாத்தி மாதிரி இருக்கே” என்று அப்போதே சொன்னார். அது எவ்வளவு சரி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மியன்மாரில் அதன் பெயர் தனக்கா. உரைக்கும் கல்லைச் சௌக்பியின் என்பார்கள். பட்டையைச் சிறிது தண்ணீர் விட்டு உரைத்தால் வரும் இளமஞ்சள் சாந்தைக் கன்னத்திலும் மூக்கிலும் பூசிக்கொள்வது அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட பயின்னவுங் மன்னரின் மகள் பயன்படுத்திய உரைகல் 1930ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் உடைந்தது. அந்தத் துண்டுகளைப் பொறுக்கி, பெகு நகரத்துச் சுவேமாதோ விகாரையில் இன்றும் வைத்திருக்கிறார்கள். உடைந்த ஒரு கல்லை இத்தனை மதிப்போடு காப்பாற்றுகிறவர்களிடம் அந்தச் சாந்துக்கு என்ன இடம் என்று விளங்குகிறதல்லவா?

நமக்கும் இது புதிதல்ல. சந்தனம் உரைக்கிறோம். கைக்குழந்தைக்கு உரைமருந்து என்று மாசிக்காயையும் கடுக்காயையும் கல்லில் உரைத்த வீடுகள்தான் நம்முடையவை. கை அந்த அசைவை அறியும், பொருள்தான் வேறு.

எந்த மரம்

இதை அவசரமாக வாசிக்க வேண்டாம். பிழை நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மியன்மாரில் தனக்கா என்று முதன்மையாகப் பயன்படுவது நரிங்கி கிரெனுலாட்டா என்ற மரம். தமிழில் அதை மகாவில்வம் என்பார்கள். அதற்கு அடுத்தபடியாக அங்கே உரைக்கப்படுவது லிமோனியா அசிடிசிமா. அதுதான் நம் விளாத்தி. சிவனுக்குச் சாத்தும் வில்வம், கறிவேப்பிலை, தேசி, தோடை எல்லாம் இவற்றோடு ஒரே குடும்பம். அம்மம்மா மணந்து பார்த்துச் சொன்னது வெறும் ஊகமில்லை. அந்தக் குடும்பத்து வாசனை அவருக்குத் தெரிந்திருந்தது.

விளாத்தியை அடையாளம் காண்பது எளிது. கிளையில் கூரிய முள் இருக்கும். ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் எதிரெதிராக வந்து, நுனியில் ஒன்று தனியாக நிற்கும். இலையைக் கசக்கினால் பெருஞ்சீரகம் போல ஒரு மணம் வரும். பட்டை கருஞ்சாம்பல் நிறத்தில் வெடித்து வெடித்து இருக்கும். காய் தொங்கினால் சந்தேகமே இல்லை. அந்த வெள்ளை பூத்த ஓட்டை வேறு எந்த மரத்திலும் பார்க்க முடியாது. வில்வத்துக்கு மூன்று இலை, விளாத்திக்கு அதைவிடக் கூட. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

“மரப்பட்டைதானே, எது என்றால் என்ன” என்று நினைப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான சொல். கொட்டியாரக்குடாப் பக்கத்திலும் களப்போரத்திலும் கண்டல்களோடு தில்லை மரம் நிற்கும். அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். எருக்கும் அப்படித்தான், அதன் பால் கண்ணுக்கு ஆகாது. வெட்டும்போது பால் வடிகிற எந்த மரமானாலும் முகத்துக்கு வேண்டாம். கறுவாப்பட்டையும் வேண்டாம். சமையலுக்கு எவ்வளவு நல்லதோ, தோலுக்கு அவ்வளவு காரம். அதன் எண்ணெயில் உள்ள பொருள் ஒவ்வாமையைத் தூண்டுவதில் பெயர் போனது.

கந்தளாய்ப் பக்கம் குளக்கரைகளில் நிற்கும் மருதின் பட்டையும் பழைய வைத்தியத்தில் தோலுக்குப் பயன்பட்டதுதான். ஆல், அரசு, அத்தி, இத்திப் பட்டைகளைச் சேர்த்து அவித்துக் கழுவும் வழக்கமும் உண்டு. ஆனால் அவை கஷாயத்துக்கும் தூளுக்கும் உரியவை. கல்லில் உரைத்து உடனே பூச விளாத்திதான் வாகு.

கட்டையை ஆயத்தப்படுத்துதல்

அடிமரத்தில் பட்டையை உரிக்காதீர்கள். இலை செய்யும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிவர உரித்தால் மரம் பட்டுப்போகும். வளவில் விளாத்தி இருந்தால் எப்படியும் கிளை கழிப்பீர்கள், அல்லது காற்றில் ஒரு கொப்பு முறிந்து விழும். அது போதும். மணிக்கட்டுப் பருமனுள்ள கொப்பாகத் தேடுங்கள். மெல்லிய கொப்பில் பட்டை காகிதம் போல இருக்கும். இரண்டு தேய்ப்பில் வெறும் மரம் தெரிந்துவிடும். மியன்மாரில் நல்ல தனக்காவுக்கு 35 ஆண்டு முற்றிய மரம் வேண்டும் என்று சொல்வதன் காரணமும் பட்டையின் தடிப்புத்தான்.

வளவில் மரம் இல்லாதவர்கள் தம்பலகாமம் பக்கத்துச் சொந்தக்காரரிடம் ஒரு கொப்புக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். காட்டுக்குள் போய் வெட்ட வேண்டாம். தெருவோர மரமும் வேண்டாம். வாகனப் புகையும் தூசியும் அந்தப் பட்டையின் வெடிப்புக்குள்தான் படிந்திருக்கும்.

வாளால் ஒரு சாண் அளவுக்குத் துண்டு போடுங்கள். தேங்காய்த் தும்பால் பட்டையை நன்றாகத் தேய்த்து, பாசி, எறும்பு, கறையான் மண் எல்லாவற்றையும் கழுவுங்கள். பிறகு நிழலில், காற்றுப் படும் இடத்தில், நிலத்தில் படாமல் வைத்து உலர விடுங்கள். வெயிலில் போட்டால் பட்டை வெடித்துக் கழன்றுவிடும். நான் 2 மாதம் விடுகிறேன். இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தால் ஈரக் கட்டை ‘தொப்’ என்று சொல்லும், உலர்ந்தது ‘டொக்’ என்று சொல்லும். கச்சான் காலம் இதற்குத் தோது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உலரவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கறுப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் பிடித்த கட்டையைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அடுப்புக்குப் போடுங்கள்.

கல்

சந்தனக்கல் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியிலும் பூசைச் சாமான் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். மிக வழவழப்பான கல்லில் பட்டை வழுக்கும், மிகச் சொரசொரப்பானதில் மரச் சிராய் வரும். உள்ளங்கையால் தடவினால் பூனை நாக்குப் போல மெல்லிய சொரசொரப்பு இருக்க வேண்டும். புதுக்கல் என்றால் ஒரு பிடி பச்சையரிசியைத் தண்ணீர் விட்டு அதில் அரைத்து, மாவு சாம்பல் நிறம் மாறி வெள்ளையாக வரும்வரை மூன்று நான்கு தடவை கழுவுங்கள்.

அம்மியில் உரைக்க வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் செத்தல் மிளகாயின் காரம் அம்மியை விட்டுப் போகாது. சீமெந்துத் தரையும் கூடாது.

முதலில் கையில்

சிறிது சாந்தை உரைத்து, முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு பூசுங்கள். 20 நிமிடத்தில் கழுவிவிட்டு ஒரு நாள் முழுக்கப் பொறுங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு எதுவும் இல்லையென்றால் அடுத்த நாள் அதே இடத்தில் இன்னொரு தடவை. ஏன் இரண்டு தடவை என்றால், சில ஒவ்வாமை முதல் முறை காட்டாது. உடம்பு அந்தப் பொருளை அறிந்த பிறகுதான் எதிர்க்கும். தோடம்பழத் தோலை உரித்தால் கை கடிக்கும் என்பவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். முன்பே சொன்னேன், ஒரே குடும்பம்.

உரைக்கும் முறை

கல்லைக் கழுவி, ஆடாமல் இருக்க ஈரத் துணி மடித்து அதன்மேல் வையுங்கள். தண்ணீர் நல்லதாக இருக்க வேண்டும். கடலோரக் கிணறுகள் சவர்த்தண்ணீர்; உப்பு சேர்ந்த சாந்து தோலை மேலும் வறட்டும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் கால்வாசி எடுத்துக்கொண்டால் போதும்.

கல்லின் நடுவில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விடுங்கள். கட்டையைக் கிடையாகப் படுக்கவைத்து, இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்து, பட்டைப் பக்கம் கல்லில் படும்படி வட்டமாக உரையுங்கள். அழுத்த வேண்டியதில்லை, கட்டையின் பாரமே போதும். முதலில் தண்ணீர் சும்மா அங்குமிங்கும் ஓடும். 20, 30 சுற்றில் அது கலங்கும், பிறகு அரிசி கழுவிய தண்ணீர் போல வெளிறும். இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். சத்தத்தைக் கேளுங்கள்: ‘கறகற’ என்று தொடங்கிய ஒலி மெல்ல மெல்ல ‘சரசர’ என்று இறங்கும். அப்போது கட்டையை அசைக்கும்போது கொஞ்சம் இழுக்கிற மாதிரி, பிசுபிசுப்பு ஒன்று கையில் தெரியும். அந்த இழுவை வந்துவிட்டால் சாந்து கூடிவிட்டது. 5 நிமிடம் ஆகும். ஒரே இடத்தில் உரையாமல் கட்டையைச் சற்றுச் சற்றாகத் திருப்புங்கள். உள்மரம் வெளியே தெரிந்துவிட்டால் அந்தப் பக்கத்தை விட்டு அடுத்த பக்கம் போகலாம்.

பதம் என்ன? ஒரு விரலால் வழித்துச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, உருண்டையாகவும் நிற்கக் கூடாது. ஆறின பாலாடை போல விரலோடு மெல்ல இறங்க வேண்டும். நிறம் வெளிறிய சந்தனம். மணம் மெல்லியது, சற்று மண்வாசனை கலந்தது. இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நெறுநெறு என்று ஏதாவது தட்டுப்பட்டால் மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்துவிடுங்கள். அந்தச் சிராய் முகத்தில் கீறும்.

ஒரு தேக்கரண்டி சாந்து ஒரு முகத்துக்குத் தாராளம்.

பூசுதலும் கழுவுதலும்

வெறும் தண்ணீரில் முகம் கழுவி, துவாயால் ஒற்றி, சற்று ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். நெற்றி, கன்னம், மூக்கு, தாடை, கழுத்து. கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வேண்டாம். உடைந்த பரு, புண், சவரம் செய்த அன்று பட்ட கீறல் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தடிப்பாக அப்பினால் பலன் கூடும் என்பது பிழையான எண்ணம். தோலின் நிறம் லேசாக ஊடே தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பூசினால் போதும். குளிர்ச்சி வருவது அந்தப் படலத்திலிருந்து தண்ணீர் ஆவியாகும்போதுதான். தடிப்பான பூச்சு அதற்குத் தடை. பட்டையின் துவர்ப்பு தோலைச் சற்று இறுக்கும், நுண்ணிய தூள் எண்ணெயை உறிஞ்சும். எண்ணெய் வழியும் முகத்துக்கும் வேர்க்குருவுக்கும் இதம் தருவது இதனால்தான்.

15 நிமிடம், மிஞ்சிப் போனால் 20. ஓரங்கள் வெளுத்து நடுவில் இன்னும் ஈரம் இருக்கும் நேரம் கழுவுவதற்குச் சரி. முழுக்கக் காய்ந்து வெடித்த பிறகு உரித்தெடுப்பது தோலையும் சேர்த்து உரிப்பதற்குச் சமம். இரண்டு கையிலும் தண்ணீர் அள்ளி முகத்தை நனைத்து, அரை நிமிடம் ஊறவிட்டு, விரல் நுனியால் மட்டும் வழித்துக் கழுவுங்கள். அன்று சவர்க்காரம் வேண்டாம். முகம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே வழக்கமான ஈரப்பதக் கிறீமைப் பூசிக்கொள்ளுங்கள். வறண்ட தோலுக்கு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயும் நல்லது. பரு வருகிறவர்களுக்குத் தேங்காயெண்ணெய் ஆகாது, துளைகளை அடைக்கும்.

கிழமைக்கு 2 நாள் போதும். வறண்ட தோலுக்கு ஒரு நாள்.

மியன்மாரில் இதைக் காலையில் பூசி நாள் முழுக்க வெயிலில் திரிகிறார்கள், நாம் ஏன் கழுவ வேண்டும் என்று கேட்பீர்கள். தனக்காப் பட்டையில் மார்மெசின் என்ற பொருள் இருக்கிறது, அது புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை உறிஞ்சும். அது உண்மைதான். ஆனால் வீட்டில் உரைத்த சாந்து எவ்வளவு காக்கும் என்று அளந்த எண் எதுவும் கிடையாது. வியர்வை பட்டதும் அது திட்டுத்திட்டாகக் கரையும். அத்தோடு இந்தக் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் வெயில் பட்டால் தோலைச் சுடவைக்கும் பொருளும் இருக்கிறது. அதனால் நான் மாலையில்தான் பூசுகிறேன், அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். பகலில் வெளியே போக வெயில் தடுப்புக் கிறீம், குடை, தொப்பி. அதற்கு இது மாற்றில்லை.

எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது

இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். கரும்படை சீக்கிரம் போகட்டும் என்று ஒருமுறை சாந்தில் தேசிக்காய்ச் சாறு பிழிந்தேன். பூசிக் கழுவிவிட்டு, கழுத்தோரம் சரியாகக் கழுவாமலே நிலாவெளிக் கடற்கரைக்குப் போய் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். அடுத்த நாள் இரவே கழுத்தில் சாறு வழிந்த தடமெல்லாம் சிவந்து எரிந்தது. பிறகு அதே கோடுகள் கபில நிறத்தில் மாதக் கணக்கில் நின்றன. தேசிச்சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்துபோகும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. தயவுசெய்து எந்த முகப்பூச்சிலும் தேசிக்காய் பிழியாதீர்கள். அப்பச்சோடா, பற்பசை போன்றவையும் அப்படித்தான்.

சேர்ப்பதென்றால், வறண்ட முகத்துக்குத் தண்ணீருக்குப் பதில் அரைத் தேக்கரண்டி தயிர். எண்ணெய் முகத்துக்குப் பன்னீர் சில துளி, அதுவும் வாசனை கலக்காததாக இருந்தால். சந்தனக் கட்டை வீட்டில் இருந்தால் அதே கல்லில் நாலு சுற்று உரைத்துக்கொள்ளலாம். மஞ்சள் வேண்டுமானால் கத்தி நுனியளவு. ஆனால் முதல் மாதம் வெறும் பட்டையும் தண்ணீரும் மட்டும் என்று வைத்துக்கொண்டால், ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் எதனால் என்று தெரியும்.

யாருக்கு வேண்டாம்

குழந்தைகளுக்கும், கரப்பான் உள்ளவர்களுக்கும், பருவுக்கோ மங்குக்கோ மருத்துவர் தந்த கிறீம் பூசிக்கொண்டிருப்பவர்களுக்கும் வேண்டாம். அந்தக் கிறீம்கள் ஏற்கெனவே தோலை மெலிதாக்கி வைத்திருக்கும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பூசியதும் மெல்லிய இறுக்கம் இருப்பது இயல்பு, எரிச்சல் இயல்பில்லை. எரிந்தால் நேரம் பார்க்காமல் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். கொப்பளம் வந்தாலோ, கண், உதடு வீங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெள்ளையாவதற்கு இது வழியா?

இல்லை. பட்டையில் அர்பூட்டின் என்ற பொருள் இருக்கிறது, அது தோலின் நிறமியை உண்டாக்கும் நொதியைச் சற்று அடக்கும் என்பதால் இந்தப் பேச்சு வந்தது. 15 நிமிடம் பூசிக் கழுவும் சாந்தால் பிறந்த நிறம் மாறாது, மாற வேண்டிய தேவையும் இல்லை. கடற்கரை ஊரில் வெயிலில் உழைத்துக் கறுத்த முகத்துக்கு என்ன குறை? இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தனக்காப் படம் போட்ட தூள், கிறீம் என்று இப்போது கைத்தொலைபேசியில் நிறைய விற்கிறார்கள். ஒரு கிழமையில் வெள்ளை என்று சொல்லும் கிறீமில் பாதரசமோ வீரியமான ஸ்டீரோயிட்டோ இருக்க வாய்ப்புண்டு. பாதரசம் தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரை போகும். என்னென்ன சேர்ந்திருக்கிறது, எங்கே செய்தது, எப்போது காலாவதி என்று எழுதாத டப்பாவைத் தொடவே வேண்டாம். தூள் வாங்கியே ஆகவேண்டும் என்றால், நிறம் வெளிறியதாக, வாசனை கலக்காததாக, மரப்பட்டையைத் தவிர வேறு பெயர் இல்லாததாகப் பாருங்கள். கையில் சோதிப்பது அதற்கும் உண்டு.

மிச்சம் வைக்காதீர்கள்

உரைத்த சாந்தை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. தண்ணீரும் மரத்தூளும் சேர்ந்தது ஒரே இரவில் புளித்து வாடை அடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. மிஞ்சினால் கழுத்துக்கும் கைக்கும் பூசுங்கள், வீட்டில் இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

கல்லை உடனே வெறும் தண்ணீரில் தும்பு போட்டுக் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் வாய்க்காலுக்குள் ஒட்டிக்கொள்ளும். கழுவிய கல்லைச் சாய்த்து, வெயிலில் வையுங்கள். கட்டையை ஈரம் போகத் துடைத்து, நிழலில் ஒரு நாள் விட்டு, பழைய பருத்தித் துணியில் சுற்றி அலுமாரியில் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் வைத்தால் மாரி காலத்தில் பூஞ்சணம் நிச்சயம். என் கட்டையொன்று இரண்டு கச்சான் காலம் வரும். பட்டை முழுக்கத் தேய்ந்து வெண்மரம் மட்டும் மிஞ்சியதும் அடுத்த துண்டை எடுக்கிறேன். சித்தப்பா கொண்டுவந்த கட்டை எப்போதோ தீர்ந்துவிட்டது, கல் மட்டும் இன்னும் குசினி யன்னலோரம் சாய்ந்து காய்ந்துகொண்டிருக்கிறது.